நாய், பூனைச் சிறுநீர்க் கறையும் வாடையும்: வீட்டுப் பொருள்களைக் கொண்டே போக்க முடியுமா?

கேள்வி: பெருந்துறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு. ஆசாரத்தில் (கூடத்தில்) காவித் தரை, பின்னால் சேர்த்துக் கட்டிய இரண்டு அறைகளில் டைல்ஸ், சமையலறை மேடையும் அதன் கீழ்த்தட்டுகளும் கடப்பா கல். வயதான நாட்டு நாய் ஒன்றும் கருத்தடை செய்யாத கடுவன் பூனை ஒன்றும் வீட்டுக்குள்ளேயே எங்களோடு வாழ்கின்றன.

நாய் கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய். சில மாதங்களாக அது தூங்கும்போது தன்னையறியாமல் சிறுநீர் கசிகிறது. அது படுக்கும் பவானி ஜமுக்காளமும், சில வேளைகளில் எங்கள் இலவம்பஞ்சு மெத்தையின் ஓரமும் நனைந்துவிடுகின்றன. பூனையோ ஆசாரத்துச் சுவரிலும் கதவு நிலையிலும் பின்பக்கம் திரும்பி நின்று பீய்ச்சுகிறது. அந்த வாடையை எழுத்தில் விளக்க முடியாது. பூனை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்.

வெயில் காலத்தில் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆடிச் சாரலோ ஐப்பசி மழையோ வந்து காற்றில் ஈரம் ஏறியதும், பல வாரங்களுக்கு முன் கழுவிய இடத்திலிருந்துகூட வாடை புதிதாகக் கிளம்புகிறது. பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்கிறார் என் மாமியார். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அக்கா. யூகலிப்டஸ் தைலம் தெளிக்கச் சொல்பவர்களும், மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போடச் சொல்பவர்களும் உண்டு. வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் கடுமையான இரசாயனங்களைத் தவிர்க்க விரும்புகிறேன். இவற்றில் எது எந்தக் கறைக்கு உதவும், எதை எந்தத் தரையில் ஊற்றக்கூடாது, நாய்க்கும் பூனைக்கும் கெடுதல் செய்யாதது எது என்பதைக் காரணத்தோடு யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: வேதியியல் ஆசிரியர் (ஓய்வு), ஈரோடு

வணக்கம் சகோதரி. மழை நாளில் மட்டும் வாடை எழுகிறது என்றால் கறை போகவில்லை, காய்ந்து கிடக்கிறது என்றுதான் பொருள். சிறுநீரில் பெரும்பகுதி தண்ணீர்; அதில் கரைந்திருப்பவற்றுள் முதன்மையானது யூரியா. யூரியாவுக்கு வாடை கிடையாது. தரையிலும் துணியிலும் வாழும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியைக் கொண்டு அதை உடைக்கும்போதுதான் அம்மோனியா வெளிப்பட்டு மூக்கை அரிக்கிறது. வெயிலில் காய்ந்தவுடன் இந்த வேலை நின்றுபோகிறது. மிச்சமிருப்பவை உப்புகளாகத் துளைகளுக்குள் தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் கூடியதும் அந்த உப்புகள் நீரை இழுத்துக்கொள்ள, பாக்டீரியா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆகவே வாடையை மறைக்கும் எதுவும் உங்களுக்குப் பயன்படாது. அந்த உப்புகள் வெளியே வர வேண்டும்.

அதற்கு முதல் மருந்து தண்ணீர்தான். யூரியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். ஈரம் காய்வதற்குள் பார்த்துவிட்டால், தடித்த பருத்தித் துணியை வைத்து அழுத்தி ஒற்றியெடுங்கள். தேய்த்தால் கறை பரவி ஆழத்துக்குப் போகும். திருப்பூர்ப் பக்கம் எடை போட்டு விற்கும் பனியன் வேஸ்ட் துணி இதற்கு மிகவும் உகந்தது. நன்றாக உறிஞ்சும், தூக்கி எறியவும் மனம் வலிக்காது. ஒற்றியபின் பச்சைத் தண்ணீர் ஊற்றி மீண்டும் ஒற்றுங்கள், பிறகு இன்னொரு முறை. புதிய கறைக்குப் பாதிக்கு மேற்பட்ட வேலை இதிலேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. வெந்நீர் வேண்டாம். கறையில் புரதம் இருந்தால், குறிப்பாக வாந்தியிலும் கழிச்சலிலும், சூடு பட்டதும் அது உறைந்து துணியின் இழையைப் பற்றிக்கொள்ளும். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கடின நீரில் சோப்பு படிவாகத் தங்கி, அந்தப் படிவு அழுக்கைப் பிடித்து வைக்கும்.

இனி சோடாவும் வினிகரும். இரண்டுமே நல்ல பொருள்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலப்பதுதான் வீண். வினிகர் அமிலம், சமையல் சோடா மென்மையான காரம். கலந்தால் நுரை பொங்கும், பார்ப்பதற்கு ஏதோ நடப்பது போலிருக்கும். நுரை அடங்கியபின் கிண்ணத்தில் இருப்பது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர் மட்டுமே. அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று. தனித்தனியாகப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வேலை உண்டு. பழகிய சிறுநீர்க் கறையில் இருக்கும் அம்மோனியா காரத்தன்மை உடையது. அதை அடக்குவதற்கு அமிலம் வேண்டும். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்துக் கறையின் மேல் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால், அம்மோனியா ஆவியாகாத உப்பாக மாறிவிடும். அந்த உப்பைத் தண்ணீர் விட்டு ஒற்றியெடுத்தே ஆக வேண்டும். அப்படியே விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். வினிகரின் வாடை காய்ந்ததும் போய்விடும். மாறாக, வாந்தியில் இருப்பது வயிற்று அமிலமும் புளித்த கொழுப்பமிலங்களும். அங்கே சமையல் சோடா தான் சரி. ஈரத்தை ஒற்றியபின் சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடைத்தெடுங்கள்.

எலுமிச்சையும் புளித்தண்ணீரும் அமிலம்தானே, அவை போதாவா என்று கேட்பீர்கள். அம்மோனியாவை அடக்கும், ஆனால் சர்க்கரையும் சக்கையும் பின்னால் தங்கி எறும்பை அழைக்கும். மோரும் அப்படித்தான், அதிலுள்ள பால் புரதம் துணியில் தங்கிப் புளித்து இன்னொரு வாடையைக் கொண்டுவரும்.

அமிலம் எதையும் கடப்பா கல்லின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. வினிகர் ஒரு சொட்டு விழுந்தாலும் உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் குமிழிகள் எழுவது தெரியும். துடைத்த பிறகு அந்த இடம் மட்டும் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்த வட்டமாக நிற்கும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது, மெருகுதான் போட வேண்டும். பளிங்கு, மொசைக் இரண்டுக்கும் இதே விதி. காவித் தரையும் அடியில் சிமென்ட்தான் என்பதால் அங்கும் அமிலத்தை அடிக்கடி ஊற்றக்கூடாது. கிரானைட்டுக்கும் டைல்ஸுக்கும் பயமில்லை. ஆனால் டைல்ஸ் இடுக்கில் பூசியிருப்பது சிமென்ட், வாடை தங்குவதும் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான். அங்கே வினிகரை நீண்ட நேரம் தேங்கவிடாமல் சீக்கிரம் அலசிவிடுங்கள்.

காவித் தரைக்குள் இறங்கிப்போன பழைய கறைக்கு வேறு வழி உண்டு. கல் சிற்பங்களிலிருந்து உப்பை எடுப்பவர்கள் செய்வது போல, தரைக்குப் பற்றுப் போடலாம். கறை பட்ட இடத்தை முதலில் நல்ல தண்ணீரால் நன்றாக ஊறவிட்டு, அதன் மேல் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை நாலைந்து மடிப்பாகப் போட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் கையால் அழுத்திவிட்டு, முழுவதும் காயும் வரை எடுக்காமல் விட்டுவிட வேண்டும். துணி மேலிருந்து காயக் காய, தரைக்குள் கரைந்த உப்பு நீரோடு சேர்ந்து மேலேறித் துணிக்கு வந்துவிடும். துணியை அலசிவிட்டு, மோந்து பார்த்து வாடை இருக்கும் வரை மறுபடியும் போடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் மழையில் திரும்ப எழும் வாடைக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியாது. நன்றாகக் காய்ந்தபின் வழக்கம் போல் தேங்காயெண்ணெய் தொட்டு மெருகு தேய்த்துவிட்டால் துளைகள் ஓரளவு அடைபடும்.

பூனையின் வாடை தனி. கருத்தடை செய்யாத கடுவன் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலம் மிகுதியாக இருக்கிறது. அது சிதைந்து தயோல் என்னும் கந்தகச் சேர்மங்களைத் தருகிறது. நீங்கள் எழுத்தில் விளக்க முடியாது என்றது அந்த வாடையைத்தான். வினிகருக்கு அது அடங்காது, சோடாவுக்கும் அடங்காது. தயோல்களை ஆக்சிஜனேற்றம் செய்தால்தான் வாடையற்ற பொருளாக மாறும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றமும் தயோல்களால் வருவதே. அதற்காக பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் 1993-இல் வெளியிட்ட எளிய கலவை இங்கும் பொருந்தும்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு தேக்கரண்டி. நம் மருந்துக்கடைகளில் 20 வால்யூம் என்று குறித்து விற்பது ஏறக்குறைய 6 சதவீதம். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 ஆகிவிடும். சுவரின் ஒரு மூலைக்கு இதில் கால் பங்கு கலந்தாலே போதும். சமையலறைப் பொருள் அல்லதான். ஆனால் வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு, நன்றாகத் துடைத்துக் காயவிட்டபின், அச்சமில்லாதது. வேண்டிய அளவை மட்டும் வாய் அகன்ற பாத்திரத்தில் கலந்து உடனே பயன்படுத்தி மீதியைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலில் அடைத்தால் ஆக்சிஜன் திரண்டு பாட்டில் வெடித்துவிடும். கையுறை அணியுங்கள், கண்ணில் தெறிக்காமல் பாருங்கள், நிறத்துணியில் ஊற்றாதீர்கள், சாயத்தை வெளுத்துவிடும்.

எந்த நிலையிலும் செய்யக்கூடாதது ஒன்று: சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுவது. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்னும் நச்சு வாயு வரும். பிளீச்சிங்கோடு வினிகரோ கழிவறை ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய சிறு அறையில் இது விளையாட்டல்ல.

மறுமொழி: பொள்ளாச்சி, நார்த் தொழில்

வணக்கமுங்க. ஆசிரியர் ஐயா விரிவாக எழுதிவிட்டதால் நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் பூனைக்கு வைக்கும் மண் தட்டிலும் தென்னை நார்த்தூளைப் பயன்படுத்திப் பாருங்கள். தேங்காய் மட்டையிலிருந்து நார் உரிக்கும்போது உதிரும் இந்தத் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். எங்கள் பக்கம் நார் ஆலைகளில் அது மலைபோல் கிடப்பது. கட்டியாக அழுத்தி விற்பதை உதிர்த்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே தட்டில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரமான இடத்தை அன்றாடம் அள்ளித் தென்னைமரத்தடியில் குழி வெட்டி மூடிவிடலாம். பூனையின் கழிச்சலை மட்டும் காய்கறிப் பாத்தியின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

தேங்காய்த்தொட்டிக் கரியைப் பற்றியும் பலர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். வெறும் கரிக்கும், நீராவியில் மிகுந்த சூட்டில் பதப்படுத்திய கிளர்வூட்டப்பட்ட கரிக்கும் வேறுபாடு மிகப் பெரிது. காற்றிலுள்ள வாடையைப் பிடிப்பது இரண்டாவதுதான். அடுப்புக்கரியை மூலையில் வைப்பது ஓரளவு ஈரத்தை இழுக்கும், அவ்வளவே. எதுவானாலும் தரைக்குள் இருக்கும் கறையைக் கரி வெளியே இழுக்காதுங்க.

மறுமொழி: கால்நடை மருத்துவர் (ஓய்வு), கோவை

அம்மணி, கறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கறை வரும் காரணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கருத்தடை செய்த பெண் நாய்க்கு வயதாகும்போது தூக்கத்தில் சிறுநீர் கசிவது ஹார்மோன் குறைவால் சிறுநீர்த்தாரையின் தசை தளர்வதால் வருவது. மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். ஆனால் அதே அறிகுறி சிறுநீர்ப்பைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றிலும் உண்டு. அது வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா என்று கவனியுங்கள். காலைச் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் பிடித்து அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவிலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். நோய் இருக்கும்போது வினிகரை எவ்வளவு ஊற்றினாலும் மறுநாள் மறுபடி துடைக்கத்தான் வேண்டும்.

பூனை பின்பக்கம் திரும்பி, வாலைச் செங்குத்தாக நிமிர்த்தி, நின்றபடியே சுவரில் பீய்ச்சுவது எல்லை குறிக்கும் செயல். கருத்தடை செய்தால் கடுவன் பூனைகளில் பெரும்பாலானவை இதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும்; சிறுநீரின் அந்தக் கடுவாடையும் குறையும். உங்கள் வீட்டு நாற்றத்துக்கு இதைவிட நல்ல 'வீட்டு மருந்து' கிடையாது என்று துணிந்து சொல்வேன். இன்னொன்று: கடுவன் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிக் கத்தியும் சிறுநீர் வரவில்லை என்றால், வழி அடைத்துக்கொண்டது என்று பொருள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே, அந்த மணியே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகள். உங்கள் மாமியார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பினாயில் இல்லாத வீடு நம் பக்கம் ஏது? ஆனால் ஃபீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்ற வேண்டிய ஒரு நொதிவினை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. பினாயில் ஊற்றிய தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே அது உடம்புக்குள் சேர்ந்துவிடும். யூகலிப்டஸ் தைலமும் பூனைக்கு ஆகாது. தேயிலை மர எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களும் அவ்வாறே. நீலகிரி நமக்குப் பக்கத்தில் இருப்பதால் தைலம் எல்லார் வீட்டிலும் ஒரு புட்டி இருக்கும், இலையிலிருந்து வடித்தது என்பதால் கெடுதல் செய்யாது என்று நம்புகிறோம். அது அப்படியல்ல. பாச்சை உருண்டை நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. உங்கள் வீட்டில் தவழும் குழந்தைக்கும்தான். இன்றே எடுத்துவிடுங்கள்.

அம்மோனியா கலந்த தரைத் திரவங்களையும் தவிருங்கள். சிறுநீர் வாடையும் அதுவும் ஒன்று போலிருப்பதால், இதுதான் நம் இடம் என்று விலங்கு மீண்டும் அங்கேயே வரும்.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் கடைசியாக ஒன்று. நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் மனிதர்களுக்குப் பரவ வாய்ப்பு உண்டு. துடைக்கும்போது கையுறை அணியுங்கள், நாய்க்கு அதற்கான தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். பூனையின் மண் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். கழிச்சலில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும் என்பதால், அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். வீட்டில் கருவுற்ற பெண்கள் இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.

பெருந்துறை வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாச்சை உருண்டைகளை எடுத்துவிட்டேன். மருத்துவர் ஐயா கூறியபடி நாயைக் காட்டுவதற்கும் பூனைக்குக் கருத்தடை செய்வதற்கும் நாள் கேட்டிருக்கிறோம். என் மாமியாரும் படித்துவிட்டு, 'பூனைக்கு ஆகாதென்றால் வேண்டாம்' என்று பினாயில் புட்டியைப் பொடக்காணிக்குக் கொண்டுபோய்விட்டார்.

இன்னும் மூன்று ஐயங்கள். ஜமுக்காளமும் மெத்தையும் நிறம் போகாமல் சுத்தமாக என்ன செய்வது? பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பூனை பீய்ச்சிய சுவரும் சரியாகிவிடுமா? எலுமிச்சைத் தோலும் வெல்லமும் ஊறவைத்துச் செய்யும் பயோ என்சைம் இதற்கு உதவுமா?

மறுமொழி: பவானி, ஜமுக்காள நெசவுக் குடும்பம்

ஜமுக்காளம் தடித்த பருத்தி நூலில் நெய்தது. தண்ணீருக்கு அஞ்சாது, சாயத்துக்குத்தான் அஞ்ச வேண்டும். முதலில் ஓர் ஓரத்தில், ஒவ்வொரு நிறக் கோட்டிலும் வெள்ளைத் துணியை ஈரமாக்கி அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்புக் கோடுதான் முதலில் வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்பாகப் பதியும். சாயம் ஒட்டினால் ஊறவைக்கக் கூடாது. திண்ணையிலோ துவைக்கும் கல்லிலோ விரித்துத் தண்ணீரை மேலிருந்து ஓடவிட்டு உடனே அலச வேண்டும். ஒட்டாவிட்டால், ஒரு வாளி தண்ணீருக்கு அரை டம்ளர் வினிகர் கலந்து அரை மணி நேரம் முக்கி வைத்துப் பிறகு அலசலாம்.

துவைப்பதற்குப் பூந்திக்கொட்டையை நான் பரிந்துரைப்பேன். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் இரவே ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கும் தண்ணீர் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், பூந்திக்கொட்டை திரியாது. சீயக்காயும் அழுக்கை எடுக்கும், ஆனால் அதன் பழுப்பு நிறம் வெளிர்க் கோடுகளில் ஏறிவிடும். கிருமி போக மஞ்சள் கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். ஈரோட்டுக்காரர்களாகிய நமக்கு மஞ்சளைக் குறை சொல்ல மனம் வராது, இருந்தாலும் துணியில் வேண்டாம். மஞ்சள் கறையின் மேல் சோப்போ சோடாவோ பட்டால் சிவந்தும் போகும். துவைத்ததை முறுக்கிப் பிழியாமல், இரண்டு கயிறுகளின் மேல் அகலமாகப் போட்டு நிழல் காற்றில் உலர்த்துங்கள். தடித்த நெசவு என்பதால் மேலே காய்ந்தது போலிருந்தும் மடிப்பில் ஈரம் நிற்கும். மடித்து வைக்கும் முன் நடுவில் கையை வைத்துப் பாருங்கள்.

இலவம்பஞ்சு மெத்தையை நனைக்கவே கூடாது. அந்தப் பஞ்சின் இழை மெழுகுப் பூச்சுள்ளது, நீரை எளிதில் குடிக்காது. ஈரத்தைக் குடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மேலுறைத் துணி. மெத்தை முழுவதிலும் தண்ணீர் ஊற்றினால் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். கறை பட்ட மூலையின் தையலைப் பிரித்து, வாடை ஏறிய பஞ்சை மட்டும் வெளியே எடுத்து, வெயிலில் பரப்பி உதிர்த்துப் பாருங்கள். வாடை போகாததைக் கழித்துவிட்டுப் புதுப் பஞ்சு போட்டு, மேலுறையைத் தனியே துவைத்துக் காயவைத்துத் தைத்துவிடலாம். பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சு கொட்டித் தைத்துத் தருபவர்கள் சிறிய ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நாய்க்கு மருந்து பிடிக்கும் வரை மெத்தையின் மேல் ரெக்சின் விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

மறுமொழி: வேதியியல் ஆசிரியர் (ஓய்வு), ஈரோடு

சுவரைப் பற்றிய கேள்வி மிக நல்ல கேள்வி. சுண்ணாம்பு மிக வலிமையான காரம். அம்மோனியம் உப்புகள் தங்கியிருக்கும் சுவரில் அதை அடித்தால், அடங்கிக் கிடந்த அம்மோனியா அத்தனையும் ஒரே நேரத்தில் விடுபடும். பொங்கலுக்கு முதல் நாள் விருந்தினர் வரும் வேளையில் ஆசாரமே நாறும். அது வெளியேறி முடிந்தபின் அந்த வாடை குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் பூனையின் கந்தக வாடையைச் சுண்ணாம்பு தீர்க்காது, மூடி வைக்கும். ஆகவே கருத்தடை முடிந்தபின், சுண்ணாம்பு அடிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுவரை முடித்துவிடுங்கள். உதிரும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, பெராக்சைடு கலவையைத் துணியில் தோய்த்து ஒற்றி, ஒரு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்து, கதவு சன்னல்களைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். கதவு நிலைக்கும் இதுவே. ஆனால் மரத்தை வெளுக்கக்கூடும் என்பதால் கண்ணில் படாத கீழ் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

எங்கெங்கே பீய்ச்சியிருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கைக் கையடக்கமாக விற்கிறார்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அதைச் சுவருக்கு அருகே பிடித்தால், முழங்காலுக்குக் கீழே, பூனையின் வால் உயரத்தில் தொடங்கித் தரை வரை வழிந்த கோடுகள் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். சோப்புப் படிவும் சில பசைகளும்கூட ஒளிரும் என்பதால், ஒளிர்ந்த இடத்தை மோந்து பார்த்து உறுதி செய்துகொண்டு பென்சிலால் வட்டமிட்டு வைத்துவிடுங்கள். பகலில் அந்த வட்டங்களை மட்டும் துடைத்தால் போதும்.

பயோ என்சைமுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் நொதிக்க வேண்டும், தொடக்க வாரங்களில் அன்றாடம் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். பெயரில் நொதி இருந்தாலும், கடைசியில் கிடைப்பது முதன்மையாக அசிட்டிக் அமிலம் கலந்த புளித்த நீர்தான். ஆகவே வினிகர் செய்வதை அதுவும் செய்யும். கழிவாகப் போகும் தோலைப் பயன்படுத்துவது நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறுநீரைச் சிதைக்கவென்றே தேர்ந்த நொதிகளையும் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கடைகளில் விற்கும் திரவத்துக்கு அது ஈடாகாது. மேலும் அதில் தோலின் எண்ணெய் இருப்பதால், மருத்துவர் ஐயா சொன்ன காரணத்துக்காகவே பூனை நடமாடும் இடத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். கடப்பா கல்லுக்கும் ஆகாது. நாய் மட்டும் படுக்கும் டைல்ஸ் அறையில், பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒரு முறை துடைத்துவிடலாம்.